முப்பத்தோராம் எண் புட்டி

குஜிலியம்பாறை
16.06.2024

அன்புள்ள டெய்சி,

ஏழு முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. எட்டாவது முறை, "கடிதம் எழுது, பதில் போடுகிறேன்" என்று ஒரு குறுஞ்செய்தி. திண்டுக்கல்லுக்கும் குஜிலியம்பாறைக்கும் நடுவில் கடலா கிடக்கிறது? தபாலாபீசில் இன்லண்ட் லெட்டர் கேட்டபோது கவுண்டரில் இருந்த பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை திண்டுக்கல் வந்து, நீ மருந்து தயாரிக்கும் அந்த ஆய்வில் அப்பாவைச் சேர்த்தேன். நீதான் தகவல் சொன்னாய். நீர்ப்பிரம்மிச் சாறு, நினைவு மறதிக்கு, பதினாறு வாரம், பக்கவிளைவு குறைவு என்றெல்லாம் நீ சொன்னதை நம்பித்தான் கூட்டி வந்தேன். கையெழுத்துப் போடும் இடத்தில்தான் டாக்டர் சகாயசெல்வி விளக்கினார்: சேருகிற தொண்ணூறு பேரில் பாதிப் பேருக்குத்தான் உண்மையான சாறு அடைத்த கேப்சூல், மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு அடைத்தது. யாருக்கு எது என்று அவருக்கே தெரியாதாம். அப்பாவுக்கு முப்பத்தோராம் எண் ஒட்டிய புட்டியைக் கொடுத்தார்கள். புட்டிகளை நிரப்பியது யார் என்று நர்சிடம் கேட்டேன். "டெய்சி மேடம்" என்றாள்.

வாசலில் உன்னைப் பார்த்துக் கேட்டேன். நீ தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாய்.

அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாதது இல்லை. முப்பத்திரண்டு வருடம் மின்வாரியத்தில் லைன்மேன். எந்த டிரான்ஸ்பார்மரில் இருந்து எந்தக் கிணற்று மோட்டாருக்கு லைன் போகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இரண்டு வருடமாக எல்லாம் நழுவுகிறது. உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். மே மாதம் பக்கத்துத் தோட்டத்து மோட்டாரைப் பார்க்கப் போனார். மெயினை அணைத்தோமா இல்லையா என்பதை மறந்துவிட்டுப் பெட்டிக்குள் கையை விட்டார். அணைக்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிருந்தது. அதனால்தான் எனக்கு அப்பா இருக்கிறார்.

முப்பத்தொன்றில் இருப்பது சாறா, மாவா? இதை மட்டும் சொல்.

புவனேஸ்வரி


திண்டுக்கல்
21.06.2024

அன்புள்ள புவனா,

மோட்டார் பெட்டி விஷயத்தைப் படித்துவிட்டு எழுந்து வெளியே போய் நின்றேன். அப்பாவை இனி எந்தப் பெட்டியையும் தொட விடாதே.

சொல்ல முடியாது, புவனா. காரணத்தைச் சொல்கிறேன், கேள். தனக்கு நிஜ மருந்து கிடைக்கிறது என்று தெரிந்தவருக்கு அந்தத் தெம்பிலேயே ஞாபகம் கொஞ்சம் கூடும். மாவுதான் என்று தெரிந்தவர் அடுத்த மாதமே வரமாட்டார். சோதிக்கும் டாக்டருக்குத் தெரிந்தால் அவர் குரலே மாறிவிடும். அப்புறம் சாறு என்ன செய்தது, நம்பிக்கை என்ன செய்தது என்று பிரிக்க முடியாது. கடைக்குக் கடை நினைவாற்றல் லேகியம் விற்கிறார்கள். இத்தனை பேரை வைத்து ஒழுங்காகக் கேட்டுப் பார்த்தவர்கள் குறைவு. அதனால்தான் இந்த வேலைக்கு வந்தேன்.

எந்தப் புட்டியில் எதை நிரப்புவது என்ற பட்டியல் வந்தபோது அதில் எண்கள் மட்டும்தான் இருந்தன, பெயர்கள் இல்லை. நிரப்பி முடித்த பிறகுதான் முப்பத்தொன்று அப்பாவுக்குப் போனது. டாக்டரிடம் அன்றே போய், "இவர் என் சிநேகிதியின் அப்பா" என்று சொல்லிவிட்டேன். "முடியும் வரை அவர்களைப் பார்க்காமல் இருக்க முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றேன். பள்ளிக்கூட விடுதியில் மாங்காய் திருடியது நாம் ஆறு பேர், வார்டன் என் மூஞ்சியைப் பார்த்தே மொத்தப் பேரையும் பிடித்தார், நினைவிருக்கிறதா? எனக்கு முகத்தில் மறைக்கத் தெரியாது. குரலிலும் தெரியாது. கடிதம் என்றால் இரண்டு முறை படித்துவிட்டு அனுப்பலாம்.

அவசரத்துக்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு எண்ணுக்கும், சாறா மாவா என்று எழுதி ஒட்டிய உறை ஒன்று என் அலமாரியில் இருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்று வைத்தியம் பார்க்கும் டாக்டர் கேட்டால் திறக்கலாம். வேறு எதற்கும் இல்லை.

செடியைப் பார்க்க வேண்டும் நீ. ரெட்டியார்சத்திரம் பக்கம் வாய்க்கால் ஓரத்துச் சேற்றில் வளர்ந்தது வருகிறது. விரல் நகத்தில் பாதி அளவு இலை, தடிப்பாக, கடித்தால் நாள் முழுக்கக் கசப்பு. காயவைத்து, சாராயத்தில் ஊறவைத்து, வடிகட்டி, ஆவியாக்கினால் ஒரு கூடைக்கு ஒரு கைப்பிடி பச்சைக் களிம்புதான் மிஞ்சும். இத்தனை சின்ன இலை மனித மூளையோடு என்ன பேச முடியும் என்று தினமும் ஆச்சரியப்படுகிறேன். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் வேண்டும் என்றுதான் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

கோபித்துக்கொள். ஆனால் எழுது.

டெய்சி


குஜிலியம்பாறை
14.07.2024

டெய்சி,

அப்பா மாதத்துக்கு ஒரு தடவை விடுதிக்கு வருவார். இரண்டு பொட்டலம் கொண்டுவருவார். ஒன்று எனக்கு, ஒன்று உனக்கு. உன்னுடையதில் பணியாரம் ஒன்று கூட இருக்கும். "அந்தப் பிள்ளைக்கு அப்பன் இல்லல்ல" என்பார்.

அந்த மனிதர் உனக்கு இன்றைக்கு ஓர் எண்.

போன ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனவர் வீட்டுக்கு வரும் வழி தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மாவைத் தின்றுகொண்டு பதினாறு வாரத்தை வீணாக்க அவரிடம் வாரங்கள் மிச்சம் இல்லை. எனக்கு விளக்கம் வேண்டாம். உண்டு, இல்லை. ஒரு வார்த்தை.

புவனேஸ்வரி


திண்டுக்கல்
20.07.2024

புவனா,

அந்தக் கூடுதல் பணியாரத்தை நான் மறக்கவில்லை. எண்ணி எண்ணித்தான் தின்றேன்.

(இங்கே ஒரு வரி எழுதி, அடித்திருக்கிறேன். மன்னித்துக்கொள்.)

ஒரு வார்த்தை கிடையாது. ஆய்வில் இருந்து அப்பாவை எப்போது வேண்டுமானாலும் நீ விலக்கிக்கொள்ளலாம், அது உங்கள் உரிமை. யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

டெய்சி


குஜிலியம்பாறை
18.08.2024

அன்புள்ள டெய்சி,

நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். எனக்குத் தெரிந்துவிட்டது!

வெள்ளிக்கிழமை, எட்டு வாரம் முடிந்தபின் வைக்கும் சோதனை. பத்து வார்த்தை சொல்லி, அரை மணி நேரம் வேறு பேச்சுப் பேசிவிட்டு, திருப்பிச் சொல்லச் சொல்வார்களே, அதுதான். ஜூனில் மூன்று சொன்னவர் இப்போது எட்டு சொன்னார். டாக்டரே பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எப்படிய்யா?" என்று கேட்டார். அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கம்பத்துல மாட்டி வச்சுட்டேம்மா. எங்க ஊரு டிரான்ஸ்பார்மருல இருந்து மேக்க போற லைன் எனக்கு அத்துப்படி. மொதக் கம்பத்துல நீங்க சொன்ன சாவி. ரெண்டாவதுல வாழத்தாரு. மூணாவதுல கம்பம் சாயாம ஸ்டே கம்பி இழுத்துருக்கும், அதுல சட்டையத் தொங்க விட்டேன். நீங்க கேக்கையில ஒவ்வொரு கம்பமா நடந்து போயி எடுத்துட்டு வாரேன். அம்புட்டுத்தான்."

நர்சுகள் கைதட்டினார்கள். பஸ்ஸில் வரும்போது கண்டக்டருக்கும் அதைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

உன் மருந்து வேலை செய்கிறது. மாவு தின்று யாருக்காவது இப்படி வருமா? அன்றைக்கு நீ அடித்த வரியை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. இனித் தெரியவும் வேண்டாம். நானும் என் பங்குக்குச் செய்வதைச் செய்துகொண்டிருக்கிறேன். நீ நன்றாக இரு.

புவனா


திண்டுக்கல்
24.08.2024

அன்புள்ள புவனா,

கம்பங்களைப் பற்றி நீ எழுதியதை மூன்று முறை படித்தேன். சிரித்தேன், அப்புறம் அழுதேன். அழுததற்கு அர்த்தம் தேடாதே. நான் எதற்கும் அழுவேன் என்று உனக்குத் தெரியும்.

"என் பங்குக்கு" என்று எழுதியிருக்கிறாயே, அது என்ன? வேறு ஏதாவது மருந்து, சூரணம், கஷாயம் எதுவானாலும் ஆய்வில் அப்பாவுக்குக் கொடுத்த நோட்டில் எழுத வேண்டும். ரத்த அழுத்த மாத்திரை ஒன்றுதான் எழுதியிருக்கிறது. எழுதாமல் விட்டது இருந்தால் உடனே டாக்டரிடம் சொல். எல்லாருக்கும் அனுப்பும் நினைவூட்டல்தான் இது, உனக்கு மட்டும் இல்லை.

டெய்சி


குஜிலியம்பாறை
22.09.2024

அன்புள்ள டெய்சி,

உன் கடைசிக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. போட்டிருந்தால் இப்போது எழுதப் போவது எதுவும் நடந்திருக்காது.

பன்னிரண்டாம் தேதி வியாழக்கிழமை. பள்ளியில் நான்காவது பிரிவேளை நடத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மாயக்காள் போன் செய்தாள். அப்பா காலையில் இருந்து வாந்தி எடுக்கிறார், எழுந்தால் சுற்றுகிறது, கை சில்லிட்டிருக்கிறது என்றாள். ஆட்டோ பிடித்துப் போனேன். அங்கிருந்து காரில் திண்டுக்கல். அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். நாடியைப் பிடித்தவர் முகம் மாறிவிட்டது. நிமிடத்துக்கு நாற்பதுதான்.

என்னென்ன மருந்து என்று கேட்டார். பிரஷர் மாத்திரையையும் முப்பத்தோராம் புட்டியையும் எடுத்து வைத்தேன். புட்டியில் அச்சிட்டிருந்த போன் நம்பருக்கு அழைத்தார். டாக்டர் சகாயசெல்வியிடம் பேசினார். "இதனாலதான் நாடி இறங்கியிருக்கும்போல. உள்ள என்ன இருக்குன்னு எனக்கு உடனே தெரியணும்" என்றார். பதினைந்து நிமிடத்தில் பதில் வந்தது.

டெய்சி, அந்தப் பதினைந்து நிமிடத்தில் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அப்பா போய்விடுவாரோ என்று நினைத்தேன். கூடவே, இப்போதாவது சொல்லித்தான் ஆகணும் அவள் என்றும் நினைத்தேன். அப்படிப்பட்டவள் நான்.

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இது வெறும் மாவும்மா. இதுல ஒண்ணும் கிடையாது. வேற என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கலயே சார்."

"நல்லா யோசிங்க. நீங்க சொல்லலன்னா நான் இருட்டுல வைத்தியம் பாக்கணும்."

சொல்லிவிட்டேன். ஜூலையில் உன்னுடைய "ஒரு வார்த்தை கிடையாது" வந்த வாரம், போனில் விளம்பரம் பார்த்து ஒரு டப்பா வரவழைத்தேன். நினைவாற்றல் சூரணம். வல்லாரை, நீர்ப்பிரம்மி, வசம்பு "முதலிய" மூலிகைகள் என்று போட்டிருந்தது. அளவு எதுவும் இல்லை. முப்பத்தொன்று மாவாக இருந்துவிட்டால் என்ற பயம். இலைதானே, என்ன செய்துவிடும் என்று காலை, மதியம், இரவு ஒரு கரண்டி. செப்டம்பரில் இரண்டு கரண்டி ஆக்கினேன்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். "இலையில சத்து இருக்குன்னு நம்புறீங்கள்ல? சத்து இருக்குற எதுவும் அளவு மீறுனா அடிக்கும்மா. அதுவும் பிரஷர் மாத்திரையோட சேந்தா" என்றார். டப்பாதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அதை இனித் தொடக்கூடாது என்றார். நான்கு நாள் வைத்திருந்தார்கள். இப்போது வீட்டில் இருக்கிறார். நாடி அறுபத்தாறு.

ஒன்று புரிகிறது. அன்றைக்குப் பதில் வராமல் போயிருந்தால், புட்டிமேல் பழியைப் போட்டு, அதை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். வந்ததும் தெம்புக்கு என்று மூன்றாவது கரண்டி கொடுத்திருப்பேன்.

ஆகஸ்டில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது என்று உனக்கு எழுதினேனே. நீ அதை எப்படிப் படித்தாய்? மாவு என்று தெரிந்துகொண்டே எப்படிப் படித்தாய்?

புவனா


திண்டுக்கல்
27.09.2024

அன்புள்ள புவனா,

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார் என்று டாக்டர் முன்பே சொன்னார். இருந்தாலும் "நாடி அறுபத்தாறு" என்று உன் கையெழுத்தில் பார்த்த பிறகுதான் சோறு இறங்கியது.

டாக்டர் சகாயசெல்வி என் அறைக்கு ஓடி வந்து, "முப்பத்தொன்று, திறக்கணும்" என்றார். அந்த எண்ணில் இருப்பது மனப்பாடம் எனக்கு. இருந்தாலும் முறைப்படி உறையை எடுத்து, நேரம் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, கிழித்தோம். கத்தரியை அவரிடம் நீட்டினேன். அவர்தான் கிழித்தார். "மாவு" என்று படித்தவர், "அப்படின்னா வேற ஏதோ இருக்கு" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தார். அங்கே வந்து உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியவள், இங்கே மீதி எண்பத்தொன்பது உறைகளையும் அடுக்கிப் பூட்டினேன்.

நான் ஜூலையில் சொல்லியிருந்தால் நீ அந்த டப்பாவை வாங்கியிருக்கமாட்டாயோ என்று யோசிக்கிறேன். அல்லது, மாவு என்று தெரிந்து முதல் நாளிலேயே மூன்று கரண்டி கொடுத்திருப்பாயோ. தெரியவில்லை. இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்து இரண்டு வாரமாகிறது. நான் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். சரி என்பதால் வலி குறையவில்லை.

ஆகஸ்டுக் கடிதத்தை எப்படிப் படித்தேன் என்று கேட்டாய். பெருமையாகப் படித்தேன். மாவில் ஒன்றும் இல்லை. நீ கொடுத்த டப்பாவைப் பற்றி என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கம்பங்களில் ஏறியது அப்பா, புவனா. பத்து வார்த்தையைப் பிடித்துவைக்க எழுபது வயதில் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எத்தனையோ பேரைச் சோதித்த டாக்டர் பேனாவைக் கீழே வைத்தது சும்மா இல்லை. அதைப் பொய்யான முன்னேற்றம் என்று நீ நினைத்துவிடாதே.

டெய்சி


குஜிலியம்பாறை
13.10.2024

அன்புள்ள டெய்சி,

எல்லாவற்றையும் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். டப்பா வாங்கியது, மாவு, உன்னைத் திட்டி எழுதியது, எல்லாம். இன்றைக்கு அவருக்கு நல்ல நாள். முழுக்கக் கேட்டார்.

முதலில், "அரிசி மாவா? பாவி மக, கொஞ்சம் சீனியாவது போட்டுருக்கலாம்" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"ஏத்தா, அந்தப் பிள்ளைக்கு முன்னயே தெரியுமா?"

"அவதானப்பா நிரப்புனா. மொதல்ல இருந்தே தெரியும்."

"நீ கேட்டும் சொல்லலயா?"

"கெஞ்சுனேன். திட்டுனேன். சொல்லல."

நிமிர்ந்து உட்கார்ந்தார். உட்கார்ந்து சொன்னதை உனக்கு எழுதத்தான் இந்தக் கடிதமே.

"நான் கம்பத்துல ஏறுறதுக்கு முன்னாடி கரண்டு வராம இருக்க டிரான்ஸ்பார்மருல பீஸ் கட்டையப் புடுங்கி ஒருத்தன் கையில குடுப்பேன். நான் இறங்குற வரைக்கும் அது அவன் கையிலதான் இருக்கணும். வயலுக்குத் தண்ணி பாயாத சம்சாரி வந்து கெஞ்சுவான். கல்யாண வீட்டுக்காரன் வந்து சண்ட போடுவான். பெத்த தாயே வந்து கேட்டாலும் குடுக்கக் கூடாது. நான் இறங்கி வந்து கை நீட்டுனாத்தான் குடுக்கணும். முப்பத்திரண்டு வருசத்துல அப்படி நம்பி ஏறுன ஆளு எனக்கு ரெண்டே பேரு. இந்தப் பிள்ள மூணாவது ஆளு. நீ அதப் போயி வஞ்சிருக்க."

அந்தக் கம்பக் கதைக்குப் பிறகு அவர் இத்தனை நீளமாகப் பேசியது இதுதான்.

டெய்சி, உன்னைப் போல என்னால் இருந்திருக்க முடியாது. பணியாரத்தைச் சொல்லிக் காட்டியபோதே நான் உடைந்துபோய்ச் சொல்லியிருப்பேன். நீ உடையாமல் இருந்தாய், அதனால் உன் உறையில் இருந்த வார்த்தையை அந்தச் சின்ன டாக்டர் சந்தேகமில்லாமல் நம்ப முடிந்தது. பத்து வயதில் இருந்து உன்னைத் தெரியும். உன்னைப் பார்த்து மலைத்து நிற்பது இதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு எப்போது வருகிறாய்?

புவனா


திண்டுக்கல்
19.01.2025

அன்புள்ள புவனா,

கடைசி ஆளின் சோதனை முடியும் வரை வரமாட்டேன் என்று டாக்டருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். வெள்ளிக்கிழமை முடிவுகளைப் பிரித்தோம்.

சாறு சாப்பிட்டவர்கள், அரை மணி நேரம் கழித்துத் திருப்பிச் சொன்ன வார்த்தைகள் மாவு சாப்பிட்டவர்களைவிடச் சராசரியாக ஒன்றரை கூட. மற்ற நான்கு சோதனைகளில் வித்தியாசமே இல்லை. அவ்வளவுதான். குணமாக்கும் என்று சொல்ல இடமில்லை. ஒன்றும் செய்யாது என்றும் தள்ள முடியாது. இன்னும் அதிகம் பேரை, இன்னும் நீண்ட காலம் பார்க்க வேண்டும் என்று எழுதுகிறோம். அந்தக் குட்டி இலை ஒன்றரை வார்த்தை பேசியிருக்கிறது என்று நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். அப்பாவின் எண்ணும் அறிக்கையில் இருக்கிறது: ஒருவர் இடையில் விலக்கப்பட்டார், காரணத்துடன்.

மாவுப் பிரிவில் இருந்தவர்களுக்கு விரும்பினால் இப்போது சாறு கொடுக்கிறோம். அப்பாவுக்கு மட்டும், அவர் நாடியை நினைத்து, டாக்டர் வேண்டாம் என்கிறார். அதை நேரில் சொல்ல வருகிறேன். பிப்ரவரி இரண்டு, ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்கு.

டெய்சி


திண்டுக்கல்
04.02.2025

அன்புள்ள புவனா,

இனிப் போனில் பேசலாம் என்றாய். இரண்டு தடவை எடுத்தேன், வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ அப்பளம் பொரிக்க உள்ளே போயிருந்தபோது நடந்ததை எழுதத்தான் முடிகிறது.

அப்பா கடலை உரித்துக்கொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்துச் சிரித்தார். தெரிந்துகொண்டார் என்று நினைத்தேன்.

"எந்த ஊருத்தா?" என்று கேட்டார்.

"திண்டுக்கல்லுப்பா."

"திண்டுக்கல்லா? அங்க ஒரு பிள்ள இருக்கு. டெய்சின்னு பேரு. ஒனக்குத் தெரியுமா?"

தெரியும் என்று தலையாட்டினேன். உரித்த கடலையை என் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"எம் மக கூடப் படிச்ச பிள்ள. தகப்பன் இல்லாத பிள்ள. என்னா பிள்ளங்கிற! ஒரு வார்த்தைய வாய்க்குள்ள வச்சுக்கிட்டு நின்னுச்சு பாரு, ஆம்பளைங்க நிக்க முடியாது. எம் மக கெஞ்சுறா, வையுறா, ம்ஹூம். நான் உசுரோட இருக்கேன்னா அந்தப் பிள்ளதான். இங்க வாறவுக எல்லாருகிட்டயும் சொல்லுவேன்."

என் அப்பா இருந்திருந்தால்கூட இப்படி ஒரு வார்த்தை எனக்குக் கிடைத்திருக்குமா என்று தெரியவில்லை. நான்தான் டெய்சி என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் என்னை அடையாளம் தெரியவில்லையே என்று அவர் கலங்கிவிடுவார். சொல்லவில்லை. அப்புறம் அவரே, "ஒரு நாளு சோத்துக்கு வரச் சொல்லணும். எம்புட்டு நாளாச்சு பாத்து. நீ பாத்தா சொல்லுத்தா" என்றார்.

"சொல்றேம்ப்பா."

"வருமா?"

"கட்டாயம் வருவா."

"எப்ப?"

"வர்ற ஞாயித்துக் கிழமை" என்று சொல்லிவிட்டேன்.

அதனால் வருகிறேன், புவனா. குழம்பு கொஞ்சம் கூட வை. அவர் நினைவில் வைத்திருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, டெய்சி வந்திருக்கிறாள் என்று வாசலில் நின்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவேன்.

டெய்சி